வட்ட முள் வந்தாச்சு! தூண்டில் கடைகள் எதை வாங்கி அடுக்கலாம்?

காசிமேட்டில் ஒரு வலைக்கடைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது புது நைலான் வாடை. கூரையிலிருந்து மிதவைச் சரங்கள் தொங்கும். சுவரோரம் கயிற்றுச் சுருள்கள். இடத்தை அடைப்பது வலைதான். ஆனால் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவரும், ஞாயிற்றுக்கிழமை கம்பைத் தூக்கிக்கொண்டு முட்டுக்காட்டுக்கோ எண்ணூருக்கோ கிளம்புகிற கல்லூரி மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இடம் அந்தக் கடையின் இன்னொரு மூலை. முள், நரம்பு, ஈயம் விற்கிற கண்ணாடித் தட்டு. இருவரும் கேட்கிற கேள்வியும் ஒன்றுதான்: "புதுசா என்ன வந்திருக்கு?"

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதிலாக வெளியே வருவது பளபளப்பான ரீல். வாங்குகிறவருக்கும் அது பிடிக்கும், விற்கிறவருக்கும் அதில்தான் நாலு காசு நிற்கும் என்ற எண்ணம். ஆண்டுதோறும் ஜூலையில் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் நடக்கும் ஐகாஸ்ட் கண்காட்சியில் தூண்டில் கம்பெனிகள் தங்கள் புதுச் சரக்கைக் கடைக்காரர்கள் முன் கொட்டுகின்றன. அங்கே அறிமுகமாவது கொஞ்ச நாளில் நம் ஊர் ஆட்களின் கைப்பேசித் திரைக்கும் வந்துவிடுகிறது. அவ்வளவையும் வாங்கி அடுக்க எந்தக் கடைக்கும் முதல் கிடையாது. அடுக்கவும் வேண்டாம். நம் கரைக்கும் நம் மீனுக்கும் நம் வெயிலுக்கும் எது உதவும் என்று பார்த்து வாங்கினால் போதும். அப்படிப் பார்த்தால், புதுச் சரக்கில் முதல் இடம் ரீலுக்கு அல்ல, ஒரு சின்ன முள்ளுக்கு.

தொண்டையில் குத்தாத முள்

நாம் காலம் காலமாகப் பார்த்த முள் ஆங்கில ஜே எழுத்தின் வடிவம். தண்டு நேராக இறங்கி, வளைந்து, முனை மேல்நோக்கி நிற்கும். மீன் இரையோடு சேர்த்து அதை விழுங்கிவிட்டால் தொண்டையிலோ குடலிலோ குத்தும். சூதில் வரும் வெற்றியை வள்ளுவர், தூண்டில் இரும்பை மீன் விழுங்கியதற்கு ஒப்பிட்டார். விழுங்கிய மீனுக்கு என்ன கதி என்பது அவர் காலத்திலேயே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

வட்ட முள்ளின் முனை மேல்நோக்கி நிற்பதில்லை. தண்டை நோக்கி உள்பக்கமாக, ஏறத்தாழ செங்குத்தாக மடங்கியிருக்கும். முதல்முறை பார்க்கிறவர் இது எதில் போய்க் குத்தும் என்று சந்தேகப்படுவார். குத்தாததுதான் அதன் குணம். மீன் இரையை விழுங்கிக்கொண்டு திரும்பி ஓடும்போது நரம்பு இறுகும். முள் தொண்டைக்குள் எங்கும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே வெளியே வரும். வாயின் ஓரத்துக்கு வந்ததும் தாடை மூலையில் திரும்பி மாட்டிக்கொள்ளும். மீன் உயிரோடு படகுக்கு வருகிறது. முள்ளைக் கழற்ற மீனின் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. அளவு போதாத குஞ்சு மாட்டினால் கடலிலேயே விட்டுவிடலாம், அது பிழைக்கவும் வாய்ப்பு உண்டு. விற்பனைக்குப் பிடிக்கிறவருக்கும் இதில் லாபம். தூண்டில் மீன் என்று சந்தையில் தனி மரியாதை கிடைப்பது வலையில் நசுங்காமல், செதில் உதிராமல், புதுசாக வருவதால்தானே? வஞ்சிரமோ பாறையோ களவாவோ, உயிரோடு ஏறி உடனே ஐஸுக்குள் போன மீனின் தசை விறைப்பாக நிற்கும்.

கடலாமைக்கும் இது நல்லது. நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்களைத் தொங்கவிடும் முறையை நம் தென்கரையில் ஆயிரங்கால் தூண்டில் என்பார்கள். அந்த முறையில் அட்லாண்டிக் கடலில் மீன்பிடிக்கும் தன் நாட்டுப் படகுகள் பெரிய வட்ட முள்ளையே கட்ட வேண்டும் என்று 2004-ல் அமெரிக்கா விதித்தது. காரணம் ஆமைகள். இங்கும் சித்தாமைகள் முட்டையிட வரும் கரை நம்முடையது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது இழுவலை, தூண்டில் அல்ல. ஆனாலும் ஆழ்கடல் தூண்டில் தொழில் நம் மாநிலத்தில் வளர்கிறது. பாக் நீரிணையில் இழுவைப் படகுகளைக் குறைத்து, சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகளுக்கு மாற்றும் திட்டம் 2017-ல் தொடங்கியது. தூத்தூர் பகுதி மீனவர்கள் ஆழ்கடல் தூண்டிலில் எப்போதோ பேர் வாங்கியவர்கள். முள்ளின் தேவை கூடும்போது எந்த முள் கூடுகிறது என்பதும் முக்கியம். அதைப் பாதிக்குப் பாதி முடிவு செய்கிறவர் கடைக்காரர்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முள்ளைத் தட்டையாக மேஜையில் வைத்துப் பாருங்கள். முனை பக்கவாட்டில் விலகி நின்றால் அது பெயருக்குத்தான் வட்ட முள், தொண்டையில் குத்தும் வாய்ப்பு அதில் மறுபடி வந்துவிடுகிறது. முனை தண்டோடு ஒரே தளத்தில் இருப்பதையே வாங்க வேண்டும். இரண்டாவது, விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லி விற்க வேண்டும்: "சுண்டாதீங்க, அப்படியே இறுக்குங்க." பழைய பழக்கத்தில் மீன் தொட்டதும் வெடுக்கென்று சுண்டினால் வட்ட முள் வாயிலிருந்து நழுவி வெளியே வந்துவிடும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விற்ற கடைக்கு அடுத்த வாரமே ஆள் திரும்பி வந்து, "இந்த முள் சரியில்லை" என்பார். முள்ளின் மேல் தப்பில்லை.

முள்ளின் எண் விவகாரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம், புதியவர்கள் குழம்புவது இதில்தான். எண் கூடக் கூட முள் சிறுக்கும். 10-ம் எண் முள் 4-ம் எண்ணைவிடச் சிறியது. 1-ஐத் தாண்டியதும் கணக்கு திரும்பிவிடும்: 1/0, 2/0, 5/0 என்று போகப் போக முள் பெரிதாகும். போதாக்குறைக்கு ஒரு கம்பெனியின் 5/0 இன்னொரு கம்பெனியின் 5/0-க்குச் சமமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1877-லிருந்து முள் செய்துவரும் நார்வேயின் முஸ்டாட் எண் வேறு, ஜப்பான் முள்ளின் எண் வேறு. ஒரு தெர்மோகோல் அட்டையில் ஒவ்வோர் அளவிலும் ஒரு முள்ளைக் குத்தி, பக்கத்தில் மீனின் பெயரை எழுதிக் கடையில் மாட்டிவையுங்கள். பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும்.

நரம்பில் ஏமாறாமல்

தங்கூஸ் என்றும் நரம்பு என்றும் நாம் சொல்வது ஒற்றை இழை நைலான். 1938-ல் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனம் நைலானை அறிவித்தது. உலகம் முழுக்கத் தூண்டில் கயிற்றை அது மாற்றிப் போட்டது. இன்றைக்கும் கையால் தூண்டில் போடுகிறவருக்கு அதைவிட நல்லது கிடையாது. இழுத்தால் நீளும், விரலை அறுக்காது, முடிச்சு நிற்கும், விலையும் கட்டுபடியாகும். அதற்கு ஒரே எதிரி வெயில். கடை வாசலில் சுருள் சுருளாகத் தொங்கவிட்டு, ஆறு மாதம் வெயில் குடித்த நரம்பைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அது துரோகம்தான். பெரிய மீன் மாட்டி, நரம்பு அறுந்து போனவரின் முகத்தை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். நரம்பை நிழலிலும் பெட்டிக்குள்ளும் வையுங்கள். வாங்கிய மாதத்தைப் பெட்டி மேல் பேனாவால் எழுதுங்கள்.

இப்போது இளைஞர்கள் தேடி வருவது பின்னல் நரம்பு. பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னியது. அதே தடிமனுள்ள நைலானைவிடப் பல மடங்கு பலம், ஏறத்தாழ நீளவே நீளாது. அடி ஆழத்தில் மீன் இரையை முகர்ந்தால்கூடக் கையில் தெரியும். அதன் அளவு ஜப்பான் கணக்கில் வரும். பி.இ. 1 என்றால் 0.165 மில்லிமீட்டர். ஆனால் இதற்கும் சொல்லி விற்க வேண்டிய விஷயங்கள் உண்டு. பாறையிலும் ஆளியிலும் உரசினால் சட்டென்று அறுந்துவிடும். வழக்கமான முடிச்சு வழுக்கிக் கழன்றுவிடும், பாலோமர் முடிச்சைக் கற்றுக்கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கைத்தூண்டில்காரருக்கு இதைக் கொடுக்கவே கூடாது. வெறுங்கையில் சுற்றிப் பிடித்து, பெரிய பாறை மீன் ஒன்று இழுத்தால் சதையைக் கத்தி போல அறுக்கும். கம்பும் ரீலும் வைத்திருப்பவருக்கு மட்டும் விற்க வேண்டிய சரக்கு இது.

பின்னல் நரம்பின் நுனியில் கட்ட ஒரு துண்டு ஃப்ளூரோகார்பன் வேண்டும். 1971-ல் ஜப்பானின் குரேஹா நிறுவனம் கொண்டுவந்தது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளூரோகார்பனுடையது 1.42, நைலானுடையது 1.5-க்கும் மேல். அதனால் தெளிந்த தண்ணீரில் மீன் கண்ணுக்கு இது குறைவாகவே தெரியும். உரசலையும் தாங்கும், தண்ணீரையும் குடிக்காது. விலை அதிகம் என்பதால் முழுச் சுருள் விற்க முயலாமல், 20 மீட்டர், 30 மீட்டர் துண்டுகளாக விற்கும் சிறு சுருள்களை வாங்கிவையுங்கள். கலங்கலான ஏரித் தண்ணீரில் விரால் பிடிக்கப் போகிறவருக்கு இது தேவையே இல்லை. அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தேவையில்லாததை வேண்டாம் என்று சொன்ன கடைக்கு வாடிக்கையாளர் ஆயுசுக்கும் திரும்பி வருவார்.

பல்லால் கடிக்கிற ஈயம்

எனக்கு மிகவும் மனக்கவலை தருவது ஈயம். நரம்பில் கோத்த ஈயக்குண்டைப் பல்லால் கடித்து இறுக்குவதைச் சின்னப் பையன்கள்கூடச் செய்கிறார்கள். பழைய பேட்டரி ஈயத்தை வீட்டுக் கொல்லையில் உருக்கி அச்சில் ஊற்றும்போது அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது பக்கத்தில் விளையாடுகிற குழந்தை. ஈயத்தில் இவ்வளவுதான் ஆபத்தில்லாத அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்குகிறது.

பிரிட்டனில் அன்னப் பறவைகள் குளத்தடியில் கிடந்த சிறு ஈயக்குண்டுகளைக் கூழாங்கல் என்று நினைத்து விழுங்கிக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1987-லிருந்து ஒரு அவுன்ஸ் வரையிலான பெரும்பாலான ஈயக்குண்டு விற்பனைக்கு அங்கே தடை. டென்மார்க் இன்னும் கடுமையாக ஈயப் பொருள்களையே ஒதுக்கியது. தூண்டில் தொழில் நின்றுபோகவில்லை. இரும்பு, வெள்ளீயம், டங்ஸ்டன் என்று மாற்றுகள் வந்தன. டங்ஸ்டன் ஈயத்தைவிடக் கனம்: ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனுடையது 19.3. அதே எடையில் குண்டு சின்னதாக இருக்கும், நீரோட்டத்தில் அடித்துப்போகாமல் சட்டென்று கீழே இறங்கும். விலைதான் எட்டாக்கனி. பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவர்களுக்கு நாலு பாக்கெட் வைத்தால் போதும். தொழில் செய்கிறவருக்கு இரும்புக் குண்டே சரி. துருப்பிடிக்கும், ஆனால் விஷமில்லை. நம் முன்னோர் கல்லைக் கட்டித்தான் தூண்டில் இறக்கினார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். ஈயத்தை ஒரே நாளில் தட்டிலிருந்து எடுத்துவிட யாராலும் முடியாது. சின்னக் குண்டுகளை முதலில் மாற்றுங்கள், பல்லுக்குள் போவது அவைதான். பக்கத்திலேயே ஒரு சிறு இடுக்கியையும் வையுங்கள்.

பொம்மைத் தவளையும் மர இறாலும்

செயற்கை இரைகளின் வரலாற்றில் கடைக்காரர்களுக்கென்றே ஒரு கதை இருக்கிறது. 1936-ல் பின்லாந்தில் லௌரி ராபாலா என்ற மீனவர் தக்கையைச் சீவி ஒரு மீன் செய்தார். சாக்லேட் சுற்றி வந்த மினுமினுப்புத் தாளை மேலே ஒட்டினார், உருக்கிய புகைப்பட நெகட்டிவை மேற்பூச்சாகப் பூசினார். காயம்பட்ட குஞ்சு மீன் போலத் தள்ளாடி நீந்தியது அது. 1962-ல் அமெரிக்காவின் லைஃப் இதழ் இந்த இரையைப் பற்றி எழுதியபோது அட்டையில் இருந்தவர் அப்போதுதான் மறைந்த மர்லின் மன்றோ. இதழ் எங்கும் விற்றுத் தீர்ந்தது, ராபாலாவுக்கு ஆர்டர்கள் குவிந்தன. இன்றும் நம் கொடுவாவுக்கு இந்த வகை மீன் பொம்மை நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நம் கடைகளில் இதைவிட வேகமாக விற்கக்கூடிய சரக்குகள் வேறு இரண்டு.

ஒன்று, விராலுக்கான ரப்பர் தவளை. உள்ளே வெற்றிடம், முதுகோடு ஒட்டி இரட்டை முள். தாமரை இலையிலும் ஆகாயத்தாமரையிலும் மாட்டாமல் தாவித் தாவி வரும். விரால் பாய்ந்து கவ்வியதும் உடல் நசுங்கி முள் வெளிப்படும். உயிருள்ள தவளையைப் பிடித்து முள்ளில் குத்துகிற பழக்கம் இதனால் குறைந்தால் வயலுக்கும் நல்லது. ரப்பர் தடிமனாக, மென்மையாக இருப்பதை வாங்குங்கள். வெயிலில் விறைத்துப்போகும் மலிவுத் தவளையில் விரால் வாய் வைத்தாலும் முள் வெளியே வராது.

இன்னொன்று கணவாய்த் தூண்டில். ஜப்பானில் எகி என்பார்கள், இறால் வடிவம். ஆதியில் மரத்தில் செதுக்கியது, இன்று பிளாஸ்டிக்கின் மேல் துணி சுற்றி வருகிறது. வாலில் கிரீடம் போல எதிர்முள் இல்லாத ஊசிகள். ராமேஸ்வரம், தூத்துக்குடி, குமரிப் பக்கம் சிறு படகுக்காரர்களுக்குக் கணவாய் நல்ல வருமானம். கணவாய்க்கு வண்ணம் தெரியாது என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிவு. வெளிச்சமும் நிழலும்தான் அதற்குத் தெரியும். எனவே இருபது நிறம் வாங்காமல், வெளிர் நிறம், அடர் நிறம், இருட்டில் ஒளிர்வது என்று மூன்று வகையை மூன்று எடையில் வாங்கினால் சரக்கு தேங்காது. முதலும் முடங்காது.

கம்பும் மின்கம்பியும்

கம்பைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கார்பன் இழைக் கம்பு லேசானது, விறைப்பானது, எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். மூங்கில் கம்போடு ஏரிக்கரையில் வளர்ந்தவருக்கு இது தெரியாது. மேலே மின்கம்பி போகிற ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் நீளக் கம்பை நிமிர்த்திப் பிடித்தால், தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே உயிர் போய்விடும். இடி மழையிலும் அப்படியே. ஒவ்வொரு கார்பன் கம்பையும் விற்கும்போது இதைச் சொல்வது கடைக்காரரின் கடமை. ஒரு சிறு துண்டுச்சீட்டு அச்சடித்துக் கம்பில் கட்டிவிட்டால் இன்னும் நல்லது.

ரீலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: உதிரிப்பாகம் கிடைக்குமா? உப்புக் காற்றில் ரீல் ஒரு வருடத்தில் முனகத் தொடங்கும். 1970-லிருந்து தூண்டில் சாமான் செய்யும் ஷிமானோவோ, டைவாவோ, பேர் தெரியாத கம்பெனியோ, கைப்பிடியும் ஸ்பிரிங்கும் தாங்குருளையும் கடையிலேயே மாற்றித் தருகிறவரிடம்தான் ஊர் திரளும். நன்னீரில் கழுவி, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள் என்று சொல்லி அனுப்பினால் பாதி ரிப்பேர் வராது.

துணைச் சாமான்களில் நீண்ட மூக்கு இடுக்கி, ரப்பர் கண்ணியுள்ள கைவலை, தலைவிளக்கு, கையுறை ஆகியவை இருந்தால் போதும். ரப்பர் கண்ணி மீனின் வழவழப்பை உரிக்காது, முட்களும் அதில் சிக்கி நேரத்தைத் தின்னாது. இவற்றோடு கண்டிப்பாகத் தொங்க வேண்டியது லைஃப் ஜாக்கெட். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்து போனபோது குமரி மாவட்டத்து மீனவக் குடும்பங்கள் எத்தனை பேரைப் பறிகொடுத்தன என்பது நமக்குத் தெரியும். காற்றடைத்து உப்பும் வகை லேசாக இருக்கும், ஆனால் அதன் வாயுக் குப்பியை வருடா வருடம் சோதிக்க வேண்டும், மாற்ற வேண்டும். நம் படகுகளுக்கு நுரை அடைத்த சாதாரண வகையே நம்பகமானது. விசில் கட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். முட்டுக்காட்டில் பாறை மேல் நின்று தூண்டில் போடுகிற பையனுக்கும் அது வேண்டும்.

எப்போது வாங்குவது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாள்களில் கடலுக்குப் போவது நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும்தான். சந்தையில் மீன் வரத்து குறைந்திருக்கும்போது தூண்டில் மீனுக்கு விலை கூடும், முள்ளும் நரம்பும் வேகமாகப் போகும். மார்ச் மாதத்திலேயே சரக்கு இறங்கியிருக்க வேண்டும். குமரியின் மேற்குக் கரையில் தடை ஜூன், ஜூலை மாதங்களில் வருவதால் அங்கே ஒன்றரை மாதம் தள்ளிக் கணக்குப் போடலாம். உள்நாட்டுக் கடைகளுக்குக் காலம் வேறு, மழைக்குப் பின் ஏரி நிரம்பும்போதுதான் அவர்களுக்குப் பருவம். ஏரிகளையும் அணைகளையும் பொறுத்தவரை, மீன்பிடி உரிமை குத்தகையிலோ அரசுக் கழகத்திடமோ இருக்கும், அனுமதி வாங்கிப் போங்கள் என்றும் சொல்லுங்கள்.

வரியிலும் ஒரு நல்ல செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் தூண்டில் கம்பு, தூண்டில் சாமான்கள், கைவலை ஆகியவற்றின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்தக் குறைவை விலையில் காட்டுங்கள். கூட்டம் கூடக் கூட, வட்ட முள்ளை அறிமுகப்படுத்தவும் வாய்ப்பு கூடும்.

இன்னொன்றும் கேட்கிறேன். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் படகுத்துறைகளில் வளைந்த பிவிசி குழாய்களை நட்டுவைத்திருக்கிறார்கள். அறுந்த நரம்பையும் சிக்கலையும் அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும், சேர்ந்ததை மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள். நைலான் மக்காது. கரையில் கிடக்கும் ஒரு கை நரம்பு நாரையின் காலைக் கட்டும், ஆமையின் கழுத்தை இறுக்கும். பிவிசி குழாய் நம் ஊரில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். உங்கள் கடை வாசலில் ஒன்றை நட்டு, "பழைய நரம்பு இங்கே" என்று எழுதிவையுங்கள். வரும் ஏப்ரலுக்குள் கண்ணாடித் தட்டின் முன்வரிசையில் வட்ட முள்ளையும் வையுங்கள், பழைய முள்ளுக்கு என்ன விலையோ அதே விலைக்கு.